போர்க்கால விமானப்படை நண்பர்களின் கடிதக் கட்டு: காப்பது, வரிசைப்படுத்துவது, மறுபாதியைத் தேடுவது

தகரப்பெட்டி_17

வணக்கம். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின் ஒன்றில் பழைய கடிதங்கள் இருக்கின்றன. பெற்றவர் எங்கள் வீட்டுப் பெரியவர். இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப்படை 8-ஆம் ஸ்க்வாட்ரனில் (விமானப் பிரிவில்) வயர்லெஸ் ஆபரேட்டர், ஏர் கன்னர் (விமானத் துப்பாக்கி வீரர்). எழுதியவர் அதே ஸ்க்வாட்ரனில் இருந்த ஆங்கிலேய பைலட். இருவருமே இப்போது இல்லை.

டின்னுக்குள் இருப்பவை: பெரியவரின் பறப்புப் பதிவேடு, 1944 தேதியிட்ட சில கவர்கள், முகவரி அடித்துத் திருத்தப்பட்டவை, உள்ளங்கை அளவில் போட்டோ போல இருக்கும் கடிதங்கள், மடித்து ஒட்டிய நீல நிறத் தாள்கள், கடைசியாக 1970-கள் வரை வந்த ஏரோகிராம்கள். அவற்றில் அனுப்புநர் முகவரி ஆஸ்திரேலியா. பல கடிதங்களைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தியிருக்கிறார்கள், ஊசி துருவேறி இருக்கிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். சென்னை ஈரத்தில் இவற்றை எப்படிக் காப்பது? எந்த வரிசையில் படிப்பது? தேதிப்படி அடுக்கினால் கேள்வியும் பதிலும் ஒட்டவே இல்லை. பெரியவர் எழுதிய பதில்கள் அந்த நண்பர் வீட்டில் இருக்கக்கூடும், அந்தக் குடும்பத்தை எப்படித் தேடுவது?

காகிதக்காவலர்

முதலில் டின்னை விட்டு வெளியே எடுங்க. தகரம் வியர்க்கும், துரு காகிதத்துக்குத் தாவும். ஆனா எடுக்கும்போது எது எதோடு இருந்ததோ அந்தச் சேர்மானம் கலையக் கூடாது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கிட்டே எடுங்க. எந்தக் கவருக்குள் எந்தக் கடிதம், எது எதோடு குத்தியிருந்தது, இதெல்லாம் ஒரு தடவை கலைந்தால் திரும்ப வராது.

குண்டூசியை இழுத்து உருவாதீங்க. துரு காகித நாரோடு பிடிச்சிருக்கும், இழுத்தால் ஓட்டை கிழிசலாகும். மேலேயும் கீழேயும் ஊசிக்கும் காகிதத்துக்கும் நடுவில் மெல்லிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள் துண்டு ஒன்றைச் செருகணும். அப்புறம் ஊசியின் தலைப் பக்கத்தைச் சின்ன கட்டிங் பிளையரால் நறுக்கிட்டு, மிச்சத்தை அது நுழைந்த திசையிலேயே மெதுவாகத் தள்ளி எடுக்கணும். துருத்தூளை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். கறையைப் போக்க எலுமிச்சை, ப்ளீச் எதுவும் வேண்டாம்.

மடிப்பு இறுகிப் போன நீலத் தாளைப் பிரிக்க நீராவி காட்டச் சொல்வாங்க. நம்ம ஊருக்கு அது தேவையே இல்லை. ஏசி போடாத அறையில் இரண்டு ப்ளாட்டிங் பேப்பருக்கு நடுவில் ஒரு நாள் வைத்தால் நம்ம காற்றே தாளை இளக்கிடும். அதற்குப் பிறகு பிரித்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துச் சமப்படுத்துங்க.

சேமிக்க: அமிலமில்லாத காகித உறை, அல்லது பாலியெஸ்டர் உறை. பி.வி.சி ஃபைல் வேண்டவே வேண்டாம், ஒரு சில வருஷத்தில் மசகு கசிந்து எழுத்தைத் தன் மேல் ஒட்டிக்கும். லேமினேஷன் செய்தால் அந்தக் கடிதம் முடிந்தது, பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் அப்படித்தான்.

இப்போ ஈரம். காகிதத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. நம்ம வீடுகளில் ஐப்பசி, கார்த்திகையில் 80-ஐத் தாண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுறாங்க. பத்து லிட்டர் டப்பாவின் காற்றில் இருக்கிற நீர் கால் கிராம் கூட வராது. ஈரம் இருப்பது காகிதத்துக்குள்ளே. ஒரு கிலோ காகிதம் நம்ம ஊர் ஈரத்திலிருந்து 50 சதவீதத்துக்கு இறங்க ஏறத்தாழ 30 கிராம் நீரை விடணும். அந்த ஈரப்பதத்தில் சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு அளவு நீரைப் பிடிக்கும். அதனால் கிலோவுக்கு 120 கிராம், மூடி கசிவதையும் சேர்த்தால் 150 கிராம் வைங்க. போன் பெட்டியில் வருகிற ஒற்றைப் பொட்டலத்தைப் போட்டால் ஒன்றும் நடக்காது.

நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்குங்க. நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கு, வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி உபயோகிக்கலாம். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றை டப்பாவுக்குள் வைங்க. 40-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை வெளியே எடுங்க. அதிகம் உலர்ந்தால் பசை ஓரம் வெடிக்கும், போட்டோ மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, அது சுருண்டுக்கும்.

பூச்சிக்கு: ராமபாணப் பூச்சியோ அதன் பொடியோ தெரிந்தால், கடிதங்களை ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையை ஒரு நாள் பிரிக்கக் கூடாது. வேப்பிலை, வசம்பு வைப்பது நம்ம வழக்கம், வையுங்க, ஆனா அலமாரியில். கடிதத்தோடு ஒரே டப்பாவில் இலையைப் போட்டால் ஈரத்தையும் கறையையும் சேர்த்துப் போடுற மாதிரி.

அஞ்சல்முத்திரை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தக் கட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

போட்டோ போல இருக்கும் சிறு கடிதம் ஏர்கிராஃப். அச்சடித்த படிவத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், அதை 16 மி.மீ ஃபிலிமில் படம் பிடித்து, ஃபிலிம் சுருளை விமானத்தில் அனுப்பி, போய்ச் சேரும் நாட்டில் சின்னதாகப் பிரின்ட் போட்டு, ஜன்னல் கவரில் விநியோகித்தார்கள். கோடாக் நிறுவனத்தின் தொழில்நுட்பம். 1941 ஏப்ரலில் கெய்ரோவிலிருந்து முதல் கட்டு பிரிட்டனுக்குக் கிளம்பியது. 1945 ஜூலை இறுதியில் சேவை நின்றது. ஃபிலிம் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை மூலப் படிவங்களை வைத்திருந்தார்கள். விமானம் விழுந்தால் மறுபடி படம் பிடித்து அனுப்பலாம், அதற்காக ஒவ்வொரு படிவத்துக்கும் எண் உண்டு. உங்கள் பிரின்ட்டின் மேல் பகுதியில் அந்த எண் தெரியும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது வெள்ளி ஜெலட்டின் போட்டோ காகிதம். கடிதக் காகிதத்தோடு ஒட்ட வைக்காமல் தனி உறையில் வையுங்கள். எழுத்து பொடியாக இருப்பதால் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவைக்கு 600 போதும், ஆனால் எல்லாமே கலரில்.

ஏர்கிராஃப் வாசகம் வறட்சியாக இருந்தால் நட்பு வறண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பக்கம், பெரிய எழுத்து, தணிக்கை அதிகாரி படிப்பார், படம் பிடிப்பவரும் பார்ப்பார். அந்தரங்கம் எழுத இடமே கிடையாது. அதே மனிதர் அதே மாதம் நீலத் தாளில் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், வித்தியாசம் தெரியும். நீலத் தாள் ஏர் லெட்டர், உள்ளே எதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. போருக்குப் பிறகு இதுதான் ஏரோகிராம் ஆனது.

1944 கவர்கள்: அடித்துத் திருத்திய முகவரிகளை இடமிருந்து வலமாகப் படிக்காதீர்கள். எந்த மை எதன் மேல் ஓடுகிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலே ஓடுவது பிந்தியது. ஸ்க்வாட்ரன், அடுத்து ஏதாவது பயிற்சி யூனிட், அடுத்து ஒரு மருத்துவமனை என்று ஒரே கவர் மூன்று இடம் சுற்றியிருக்கும். பெரியவரின் இடமாற்ற வரலாறு கடிதத்துக்குள் இருப்பதைவிடக் கவரின் மேல்தான் அதிகம். பின்பக்கம் வந்துசேர்ந்த முத்திரை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

தணிக்கை: சாதாரண வீரர்களின் கடிதத்தை அவர்கள் யூனிட் அதிகாரி படித்துக் கையெழுத்திடுவார். அதிகாரி தன் கடிதத்துக்குத் தானே கையெழுத்துப் போடுவார். உங்கள் பைலட்டின் கவரில் இடது கீழ் மூலையில் அவர் கையெழுத்தே இருந்தால் அப்போது அவர் அதிகாரி. வேறொருவர் கையெழுத்து என்றால் சார்ஜென்ட் வகைப் பதவி. கையெழுத்து மாறும் மாதத்தைப் பிடித்தால் பதவி உயர்வு எப்போது என்று ஏறத்தாழ தெரிந்துவிடும். பச்சைக் கோடு போட்ட கவர் கிடைத்தால் அது தனி வகை. சொந்த விஷயம் மட்டுமே எழுதியிருக்கிறேன் என்று உறுதி சொல்லி யூனிட் தணிக்கையைத் தவிர்க்கலாம், ஆனால் பின்னால் தலைமை இடத்தில் பிரிக்கலாம். மனம் விட்டு எழுதியது அதில்தான் இருக்கும்.

வரிசை. தேதிப்படி அடுக்கினால் ஒட்டாது, ஒட்டவும் கூடாது. போர்க்காலத்தில் கப்பல் தபால் வந்து சேர மாதக் கணக்கு ஆகும். ஏர்கிராஃப் சில வாரத்தில் வந்துவிடும். மே மாதக் கடிதத்துக்கு முன்னால் ஜூன் மாத ஏர்கிராஃப் கைக்கு வரும். அதனால் இரண்டு பேச்சு ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. ஒரு ஷீட் போட்டு எழுதிய தேதி, முத்திரைத் தேதி, கைக்கு வந்த தேதி, பதில் எழுதிய தேதி என்று நான்கு பத்தி வையுங்கள். பெரியவர் கவர் மேல் பென்சிலால் பெற்ற தேதி, பதில் தேதி போட்டிருக்கிறாரா பாருங்கள். அக்காலத்தில் ஒழுங்கானவர்கள் போடுவார்கள். நண்பர் கடிதத் தலைப்பில் 'எண் 14' என்பது போல வரிசை எண் இருக்கிறதா? தொலைந்த கடிதம் எது என்று எதிர்முனை கண்டுபிடிக்க இப்படி எண் போட்டு எழுதுவது உண்டு. கைக்கு வந்த வரிசையில் ஒரு முறை படித்துப் பாருங்கள். பெரியவர் எந்தச் செய்தியை அறியாமல் எந்தப் பதிலை எழுதினார் என்பது அப்போதுதான் விளங்கும்.

தகரப்பெட்டி_17

மிக்க நன்றி சார். பார்த்துவிட்டேன். கவர் ஓரத்தில் பென்சிலில் தேதி இருக்கிறது, இரண்டு தேதி. வரிசை எண்ணும் சிலவற்றில் உண்டு. பைலட்டின் எண் 1944 தொடக்கத்தில் 1-இல் தொடங்கும் ஏழு இலக்கம். 1945 ஏர்கிராஃபில் ஆறு இலக்கம். இரண்டும் ஒரே ஆளா? முகவரி ஆஸ்திரேலியா என்பதால் ஆஸ்திரேலிய விமானப்படை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இன்னொன்று, சில பென்சில் எழுத்துகளைச் சுற்றி ஊதா நிறம் பரவியிருக்கிறது. துடைக்கலாமா?

காகிதக்காவலர்

தொடாதீங்க. அது சாதாரணப் பென்சில் இல்லை, காப்பியிங் பென்சில். கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்தது. உலர்ந்திருக்கும்போது சாம்பல், ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதா. ஈரத் துணி பட்டால் வரியே கரையும். வியர்வை விரலே போதும். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது இந்தத் தாள்களைத்தான், முதலில் உலர் டப்பாவுக்குப் போக வேண்டியதும் இவைதான். நான் மேலே சொன்ன ப்ளாட்டிங் பேப்பர் முறையும் இவற்றுக்குக் கூடாது.

மங்கிப் பழுப்பேறிய மை எழுத்துக்கு ஒரு வழி: கலர் ஸ்கேனை எந்தப் பட மென்பொருளிலும் திறந்து நீலச் சேனலை மட்டும் பாருங்க. பழுப்பு நிறம் நீலத்தை விழுங்கும், அதனால் எழுத்து கறுப்பாக எழுந்து வரும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்திருந்தால் இந்த வாய்ப்பே கிடையாது.

பரங்கிமலை_வான்

ஒரே ஆள்தான் மேடம். ஆஸ்திரேலிய விமானப்படை இல்லை. 1-இல் தொடங்கும் ஏழு இலக்கம் போர்க்காலத்தில் ஆர்.ஏ.எஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) தன்னார்வ ரிசர்வில் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்த எண். ஆஸ்திரேலியர் என்றால் ஆறு இலக்கம், பெரும்பாலும் 4-இல் தொடங்கும். நியூசிலாந்து என்றால் முன்னால் 'என்.இசட்' வரும். கனடா என்றால் 'ஆர்' அல்லது 'ஜே'. போருக்குப் பின் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா போய்க் குடியேறியவர் என்றுதான் கொள்ள வேண்டும்.

எண் மாறியதற்குக் காரணம், அவர் அதிகாரியாக நியமனம் பெற்றது. ஆர்.ஏ.எஃபில் கமிஷன் கிடைத்ததும் பழைய எண் போய்ப் புது எண் வரும். இது தெரியாமல் பலர் ஒரே மனிதரை இரண்டு பேராக்கி வைத்திருக்கிறார்கள். லண்டன் கெஸட், அதாவது பிரிட்டிஷ் அரசிதழ், இணையத்தில் இலவசம். போர்க்கால நியமன அறிவிப்புகளில் பழைய எண், பெயர், அடைப்புக்குறிக்குள் புது எண் மூன்றும் ஒரே வரியில் வரும். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், பழைய அச்சை இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும். ஏழு இலக்க எண்ணைப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆறு இலக்கத்தைப் போடுங்கள்.

பதிவேடு. பைலட்டின் பதிவேடு ஃபார்ம் 414. பைலட் அல்லாதோருடையது ஃபார்ம் 1767, உங்கள் கையில் இருப்பது அதுவாக இருக்கும். அதில் பைலட் பெயருக்குத் தனிப் பத்தி உண்டு. நண்பரின் பெயர் வரும் வரிகளை மட்டும் தனியே எடுத்து ஷீட்டில் போடுங்கள். தேதி, கிளம்பிய நேரம், விமான வகையும் எண்ணும், பைலட், பணி, குறிப்பு, பகல் நேரம், இரவு நேரம். அந்த ஸ்க்வாட்ரன் 1944-இல் பறந்தது வல்ட்டீ வெஞ்சன்ஸ், இரண்டு பேர் உட்காரும் டைவ் பாம்பர், அதாவது செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம். முன்னால் பைலட், பின்னால் துப்பாக்கியோடு வயர்லெஸ்காரர். செங்குத்தாகப் பாயும் விமானத்தில் பின்னிருக்கைக்காரர் பைலட்டின் கையை நம்பித்தான் இருந்தாக வேண்டும், பைலட்டுக்கு வால் பக்கம் கண் அவர்தான். இவர்கள் கடிதம் முப்பது வருஷம் நீடித்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவர்கள் பிரிந்ததற்கும் காரணம் விமானம்தான். 1944 முடிவதற்குள் வெஞ்சன்ஸ் பர்மா முனையிலிருந்து விலக்கப்பட்டது. 7-ஆம் ஸ்க்வாட்ரன் ஹரிகேனுக்கும், 8-ஆம் ஸ்க்வாட்ரன் ஸ்பிட்ஃபயருக்கும் மாறின. இரண்டும் ஒற்றை இருக்கை. பின்னிருக்கைக்காரர்கள் வேறு யூனிட்டுகளுக்குப் போனார்கள். உங்கள் கவர்களில் முகவரி திருத்தம் அந்த மாதங்களில் குவிந்திருக்கும், சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தில் பெரிய வழுக்கல் ஒன்று இருக்கிறது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியாவில் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடியது, இப்போது போல ஐந்தரை அல்ல. பதிவேட்டில் 09.10 என்று உள்ளூர் நேரம் இருந்து, இன்னொரு ஆவணத்தில் 02.40 என்று கிரீன்விச் நேரம் இருந்தால் இரண்டும் ஒரே பறப்பு. ஐந்தரையைக் கழித்தால் 03.40 வரும், வேறு பறப்பு என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

பறந்த நேரத்தில் 1.50 என்று எழுதியிருந்தால் ஒன்றரை மணியா, ஒரு மணி ஐம்பது நிமிடமா? மாதக் கூட்டலைப் பாருங்கள். அறுபதைத் தாண்டும்போது மணியில் ஒன்று ஏறியிருந்தால் நிமிடக் கணக்கு. மாத முடிவில் கமாண்டர் கையெழுத்து இருக்கும், அந்தப் பெயர்களையும் குறியுங்கள். தேட ஒரு பிடி கிடைக்கும்.

ஸ்க்வாட்ரன் நாட்குறிப்பு: ஆர்.ஏ.எஃப் ஸ்க்வாட்ரன்களுக்கு ஃபார்ம் 540, 541. லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர் 27 வரிசை. 540 மாதச் சுருக்கம், 541-இல் ஒவ்வொரு பறப்புக்கும் யார் யார் என்று பெயர். விமானத் தளங்களுக்கு ஏ.ஐ.ஆர் 28. இந்திய ஸ்க்வாட்ரன் என்பதால் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கும் எழுதுங்கள். ஸ்க்வாட்ரன் எண், தேதி வரம்பு இரண்டையும் குறுக்கிக் கேளுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் கேட்டால் பதில் தாமதமாகும்.

செங்குன்றம்_ஏரி

இதே இழையில் என் கேள்வியும். நான் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கட்டில் 'ரெட் ஹில்ஸ் லேக்' என்ற முகவரி இருக்கிறது. எழுதியவருக்கு 1944-க்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

பரங்கிமலை_வான்

நம் செங்குன்றம் ஏரிதான். ஆர்.ஏ.எஃபின் கேட்டலினா பறக்கும் படகுகள் அங்கே நீரில் இறங்கின. 240-ஆம் ஸ்க்வாட்ரன் நெடுநாள் இருந்தது. ஏ.ஐ.ஆர் 27-இல் 240-ஐப் பாருங்கள்.

கடிதம் நின்றால் இறந்துவிட்டார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். உடல் கிடைத்தவர் என்றால் கல்லறை பெயர் வரும். நந்தம்பாக்கம் மவுண்ட் பூந்தமல்லி சாலையில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறையும் அதில் சேரும். தென்னிந்தியாவின் பல சிறு கல்லறைகளிலிருந்து பின்னால் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனால் அங்கே கல் இருப்பதாலேயே சென்னையில் இறந்தார் என்று ஆகாது. வங்கக் கடலில் விழுந்து உடல் கிடைக்காத விமானப்படையினர் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கும் நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகம் ஐரோப்பிய முனைக்கானது, அதில் தேடி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கல்லறைப் பட்டியலிலும் கிராஞ்சி நினைவகத்திலும் பெயர் இல்லை என்றால் பெரும்பாலும் ஊர் திரும்பியவர். கடிதம் நின்றதற்குத் திருமணமோ, முகவரி தொலைந்ததோ காரணமாக இருக்கலாம். திரும்பி வந்த கவர் இருக்கிறதா பாருங்கள்.

மெரினாக்காற்று

இவ்வளவு கஷ்டம் எதற்கு? எல்லாக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து ஃபேஸ்புக் குழுக்களில் போட்டால் இரண்டு நாளில் குடும்பம் கிடைத்துவிடும். பொது வரலாறுதானே.

அடையாறு_சட்டம்

வேண்டாம். தாள் உங்களுடையது, வாசகம் உங்களுடையது அல்ல. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும். பிரிட்டனில் பழைய வெளியிடப்படாத எழுத்துகளுக்கு 2039 இறுதி வரை உரிமை நிற்கும் ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு என்பது பொது விதி. இறந்த பின் முதல் முறை வெளியானால் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. சட்டத்தை விடுங்கள். தன் தகப்பன் 1946-இல் நண்பனுக்கு மட்டும் சொன்ன ஒரு குடும்ப விஷயத்தை அந்த மகள் முதன்முதலில் ஃபேஸ்புக்கில் படிக்கலாமா? தேடலுக்குப் பெயர், எண், ஸ்க்வாட்ரன், இளவயதுப் படம் ஒன்று போதும். கடிதப் பக்கம் ஒன்றுகூட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. குடும்பம் கிடைத்த சந்தோஷத்தில் மூலக் கடிதங்களையே கூரியரில் அனுப்பிவிடத் தோன்றும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படியோ ஆவணமோ 75 ஆண்டு கடந்தால் தொல்பொருள் வரையறைக்குள் வரலாம், அனுமதியின்றி நாடு தாண்டக் கூடாது. 1944 கடிதம் அந்த வயதைக் கடந்துவிட்டது. தொல்லியல் துறையிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். ஸ்கேன் அனுப்பத் தடையில்லை.

மெரினாக்காற்று

ஏற்கிறேன் சார். குடும்பத்தின் கோணத்திலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. படமும் எண்ணும் மட்டும் போடுவது நல்ல வழி.

அஞ்சல்முத்திரை

குடும்பத்தைத் தேடும் வழி. நண்பர் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர் என்பதால் மூன்று இடம். பிரிட்டனிலிருந்து கிளம்பிய கப்பல் பயணிகள் பட்டியல் 1960 வரை கியூ காப்பகத்தில் பி.டி 27 என்ற வரிசை, கட்டணத் தளங்களிலும் கிடைக்கும். குடும்பத்தோடு போயிருந்தால் பிள்ளைகள் பெயரும் வயதும் அதில் வரும், உங்களுக்கு உண்மையில் வேண்டியது அந்தப் பெயர்கள்தான். அடுத்து ட்ரோவ், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளம், இலவசம். பெரும்பாலான நாளிதழ்கள் 1954 வரைதான் ஓடும், அதற்குப் பிந்திய மரணச் செய்தி அதில் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். அதற்கு ரயர்ஸன் இன்டெக்ஸ், நாளிதழ் மரண அறிவிப்புகளின் இலவச அட்டவணை. பெயர், தேதி, எந்த நாளிதழ் என்று மட்டும் வரும். அந்த நாளிதழை அந்த ஊர் நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் அறிவிப்பைப் படமெடுத்து அனுப்புவார்கள். அதில் மகன், மகள், பேரன் பெயர்கள் இருக்கும்.

அந்த ஊரில் ஆர்.எஸ்.எல் என்ற முன்னாள் படைவீரர் சங்கக் கிளை இருந்தால் அங்கேயும் ஒரு கடிதம். பர்மா முனையில் இருந்தவர்களுக்கு 'தேக்கோ' என்ற பெயரில் பர்மா ஸ்டார் சங்கத்தின் இதழ் இருந்தது. பழைய தோழர்களைத் தேடும் குறிப்புகளுக்கு அதன் பழைய இதழ்களையும் புரட்டலாம். உங்கள் பெரியவரே நண்பரைத் தேடிக் குறிப்புப் போட்டிருந்தாலும் வியப்பில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையையும் மறக்காதீர்கள். அந்தக் குடும்பமும் உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம், அவர்கள் கையில் இருப்பது பழைய மெட்ராஸ் முகவரி. 'மெட்ராஸ் 17' என்றிருந்தால் இன்றைய 600017. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தபோது பழைய வட்டார எண் கடைசி இலக்கங்களாக உட்கார்ந்துகொண்டது. மௌப்ரேஸ் ரோடு என்று எழுதியிருந்தால் டி.டி.கே சாலை, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்றால் ராதாகிருஷ்ணன் சாலை, லாயிட்ஸ் ரோடு என்றால் அவ்வை சண்முகம் சாலை. கதவு எண்ணும் பழைய எண், புதிய எண் என்று இரண்டாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வரைபடத்தில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. தேடல் குறிப்பு போடும்போது பழைய தெருப் பெயரை, பழைய கதவு எண்ணோடு, ஆங்கிலத்தில் அன்று கவரில் எழுதிய எழுத்துக்கூட்டலிலேயே போடுங்கள். அவர்கள் தட்டச்சு செய்து தேடப்போவது அதைத்தான். வீட்டில் இன்னும் யாராவது குடியிருந்தால் கதவு எண்ணை விட்டுவிட்டுத் தெருப் பெயரோடு நிறுத்துங்கள்.

முதல் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நண்பரின் முழுப் பெயர், இரண்டு எண்கள், ஸ்க்வாட்ரன், பெரியவரின் பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கடிதம் இருக்கிறது, பிரின்ட் போட்ட ஒரு புகைப்படம். இவ்வளவுதான். அவர்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த எதையும் முதல் கடிதத்தில் வெளிப்படுத்தாதீர்கள். பதக்கம், பணம், மதிப்பு என்ற சொற்களே வரக் கூடாது, மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடுவார்கள். மெட்ராஸிலிருந்து வந்த பழைய கடிதங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்ற கேள்வியைக் கடைசி வரியாக வையுங்கள். மின்னஞ்சலைவிடக் காகிதக் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம், அந்த வயதினர் அதை மேசையில் எடுத்து வைப்பார்கள்.

தகரப்பெட்டி_17

அனைவருக்கும் நன்றி. ஷீட்டில் நான்கு பத்திகளும் போட்டுவிட்டேன். வரிசை எண் 9-க்கும் 12-க்கும் நடுவே இரண்டு இல்லை. கெஸட்டில் ஏழு இலக்க எண்ணுக்கு வரி கிடைத்தது, புது எண் நம் ஏர்கிராஃபில் இருப்பதுதான். கடைசிக் கேள்வி: மூலத் தாள்களுக்கு எண் கொடுக்க வேண்டும், எங்கே, எதால் எழுதுவது?

காகிதக்காவலர்

தாளின் மேல் எழுத வேண்டாம், உறையின் மேல் எழுதுங்க. எழுதித்தான் ஆகணும்னா பின்பக்கம் கீழ் வலது மூலையில், 2பி பென்சில், அழுத்தாமல், கெட்டியான சமதளத்தில் வைத்து. பால்பென், ஸ்டிக்கர், ரப்பர் ஸ்டாம்ப் கூடாது. ஏர்கிராஃப் பிரின்ட்டில் பென்சிலும் வேண்டாம், ஜெலட்டினில் பள்ளம் விழும். கவருக்கும் கடிதத்துக்கும் ஒரே எண், கவருக்குக் கூடவே 'க' என்று சேர்த்துக்கோங்க. காணாமல் போன 10, 11-க்கும் வெற்று உறை இரண்டு எண் எழுதி அந்த இடத்திலேயே வைங்க. நண்பர் அவற்றுக்கு நகல் வைத்திருந்தாலோ, கப்பலில் தங்கித் திரும்பிப் போன கவர் அவர் வீட்டில் இருந்தாலோ, ஸ்கேன் வந்ததும் பிரின்ட் எடுத்து அதில் போட்டுடலாம், மற்ற எண்களை மாற்ற வேண்டி இருக்காது.

பரங்கிமலை_வான்

மேடம், கெஸட் வரியில் நியமனத் தேதிக்குப் பக்கத்தில் கெஸட் வெளியான தேதியும் இருக்கும், இரண்டும் பல வாரம் விலகும். ஷீட்டில் நியமனத் தேதியைப் போடுங்கள். அதையும், கவர் மூலையில் கையெழுத்து மாறும் மாதத்தையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். பொருந்தினால் ஏ.ஐ.ஆர் 27, 28 தேடலுக்கு மாத வரம்பைக் குறுக்கிக் கொடுக்கிறேன்.